லூட் பாக்ஸைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவரலாமா, வேண்டாமா?

நிழல்வீரன் (இழையைத் தொடங்கியவர்)

லூட் பாக்ஸ், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்த பிறகே தெரியும் கேம் பெட்டி, பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. ஒருவர் "சூதாட்டம்தான்" என்பார், இன்னொருவர் "பிடிக்கவில்லை என்றால் வாங்காதே" என்பார். கொஞ்சம் நிதானமாகப் பேசலாம் என்றுதான் தனி இழை.

என் கட்சி இது. காசை வாங்கிக்கொண்டு, என்ன கிடைக்கும் என்பதைக் குலுக்கலுக்கு விடுகிற எந்த விற்பனையும் சூதாட்டச் சட்டத்தின் பார்வைக்குள் வரவேண்டும். வயது வரம்பு, உரிமம், தணிக்கை எல்லாம் சேர்த்துத்தான்.

கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஒரு கேஸ் (லூட் பாக்ஸுக்கு அங்கே அந்தப் பெயர்) திறப்பதைப் பாருங்கள். சாவி வாங்கிக் க்ளிக் செய்ததும் பொருட்கள் பக்கவாட்டில் வரிசையாக ஓடும். முதலில் விறுவிறுவென்று, அப்புறம் டிக் டிக்கென்று ஒவ்வொன்றாக. மிக அரிய பொருளைக் குறிக்கும் தங்க நிறக் கட்டம் நடுக்கோட்டுப் பக்கம் வரும், நின்றுவிடும் போலிருக்கும், மயிரிழையில் தாண்டிப்போகும். கடைசியில் யாரும் சீண்டாத நீல நிறத் துப்பாக்கி ஒன்று கையில் நிற்கும். "அடடா, கொஞ்சத்தில் போச்சே" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் என்ன வரப்போகிறது என்பது அந்த ஓட்டத்தைப் பொறுத்து அமைவதில்லை. முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. திரையில் ஓடுவது காட்சி மட்டும்.

வாய்ப்பு விகிதத்தை வெளியே சொல்லவேண்டும் என்று சீனா 2017 மே மாதம் முதல் விதித்தது. அதன்பிறகுதான் அந்தத் தங்கக் கட்டத்தின் விகிதம் 0.26 சதவீதம் என்று உலகத்துக்கே தெரிந்தது. சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று. சூதாட்ட விடுதி இயந்திரத்துக்கு உரிமம் கேட்கிறோம், வயது கேட்கிறோம். இதற்கு ஏன் கேட்கக்கூடாது?

---

வழக்காடி

@நிழல்வீரன், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நீதிமன்றத்தில் கேள்வி வேறு மாதிரி வரும். பெரும்பாலான நாடுகளில் ஒன்றைச் சூதாட்டம் என்று சொல்ல மூன்று வேண்டும்: பணயம், அதிர்ஷ்டம், பரிசு. முதல் இரண்டில் பெரிய தகராறு இல்லை. மூன்றாவதில் வந்துதான் எல்லாம் முட்டி நிற்கிறது.

பிரிட்டனின் 2005 சூதாட்டச் சட்டப்படி பரிசு பணமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பணமதிப்பாவது இருக்கவேண்டும். கேமுக்குள்ளேயே கிடக்கும் ஸ்கின்னை (ஆயுதத்துக்கோ கதாபாத்திரத்துக்கோ போடும் அலங்காரத் தோற்றம்) காசாக்க முடியாது, ஆகவே அது நம் வரம்புக்குள் வராது என்று அங்குள்ள சூதாட்ட ஆணையம் 2017இலேயே சொல்லிவிட்டது. நாடாளுமன்றக் குழு ஒன்று 2019இல் இதைச் சட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்னது. பிரபுக்கள் அவைக் குழு 2020இல் அதையே வலியுறுத்தியது. அரசு 2022 ஜூலையில், சட்டத்தைத் திருத்தப் போவதில்லை, துறையே தன்னைத் திருத்திக்கொள்ளட்டும் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது.

பெல்ஜியத்தின் 1999 சட்டத்தில் பரிசைக் காசாக்க முடியவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அதனால் அங்குள்ள ஆணையம் 2018 ஏப்ரலில் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், கவுண்டர் ஸ்ட்ரைக் மூன்றும் சட்டத்தை மீறுகின்றன என்று சொல்ல முடிந்தது. ஃபிஃபா கால்பந்து கேமைத் தயாரித்த ஈஏ நிறுவனம் 2019 ஜனவரியில் ஃபிஃபா பாயிண்ட் (வீரர் பாக்கெட்டுகள் வாங்கும் கேம் நாணயம்) விற்பனையை அந்த நாட்டில் நிறுத்திக்கொண்டது.

பக்கத்து நாடான நெதர்லாந்தில் நடந்ததைத்தான் எல்லோரும் கவனிக்கவேண்டும். ஃபிஃபா பாக்கெட்டுகளுக்காக ஈஏவுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டார்கள். ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2020இல் அது சரி என்றது. 2022 மார்ச்சில் மேல்முறையீட்டில் அபராதம் ரத்தாகிவிட்டது. பாக்கெட் திறப்பது தனி ஆட்டம் இல்லை, திறமையால் ஆடும் பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதி என்பது காரணம். அதே கேம், அதே பாக்கெட். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் சூதாட்டம், அந்தப் பக்கம் விளையாட்டு. சூதாட்டச் சட்டத்தை மட்டும் நம்பினால் இந்த மாதிரிக் குழப்பத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

---

தனிவழி

எனக்கு இந்த முயற்சியே பிடிக்கவில்லை. சம்பாதிக்கிற ஆள் தன் காசை எதில் போடவேண்டும் என்று அரசு ஏன் சொல்லவேண்டும்? சேகரிப்பு அட்டைப் பாக்கெட்டுகள் எத்தனையோ காலமாக விற்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்த பிறகுதான் தெரியும். அதற்கு உரிமம் கேட்கிறவர்கள் யாரும் இல்லை.

தடை போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் பெல்ஜியத்தையே பாருங்கள். லியோன் ஷியாவ் என்ற ஆய்வாளர் அங்கு அதிகம் சம்பாதிக்கும் 100 ஐஃபோன் கேம்களைச் சோதித்தார். தடைக்குப் பிறகும் 82 சதவீத கேம்களில் காசுக்குக் குலுக்கல் இருந்தது. பெயருக்கு ஒரு சட்டம், நிஜத்தில் ஒன்றும் மாறவில்லை. நேர்மையான நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போனது, மற்றவர்கள் கல்லா கட்டுகிறார்கள். இதுதான் உங்களுக்கு வேண்டுமா?

---

மதிவாணி

@தனிவழி, அந்த ஆய்வை நானும் படித்தேன். சட்டம் போட்டுவிட்டு அதை அமல்படுத்த ஆளும் பணமும் ஒதுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் அது காட்டுகிறது. சட்டமே வேண்டாம் என்ற முடிவுக்கு அது நம்மைக் கொண்டுபோகவில்லை.

அட்டைப் பாக்கெட் ஒப்பீட்டை நான் பாதிதான் ஏற்பேன். அட்டை வாங்கப் போனால் கடை மூடும், கையிருப்பு தீரும், திரும்பி வரும் வழியில் மனம் மாறும். ஃபோனில் அடுத்த பெட்டிக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு விரல் தூரம்தான். அப்புறம் இன்னொன்று. அட்டைப் பாக்கெட் உங்களைக் கவனிப்பதில்லை. கேமோ நீங்கள் எப்போது தோற்றீர்கள், எந்த நேரத்தில் வாங்கினீர்கள், எத்தனை நாள் வரவில்லை என்பதையெல்லாம் பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் பதிவை வைத்து எந்தச் சலுகையை யாருக்கு எப்போது காட்டலாம் என்று அதனால் முடிவெடுக்க முடியும்.

ஆய்வு விஷயத்துக்கு வருகிறேன். டேவிட் ஜெண்டில், பால் கெயர்ன்ஸ் இருவரும் 2018இல் 7,000க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களிடம் எடுத்த கணக்கில், சூதாட்டச் சிக்கல் எந்த அளவுக்கு அதிகமோ அந்த அளவுக்கு லூட் பாக்ஸ் செலவும் அதிகமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை இதையே சொல்கின்றன. எது எதனால் என்பதில்தான் விவாதம். சூதாட்டப் பழக்கம் உள்ளவர்கள் பெட்டியைத் தேடிப் போகிறார்களா, பெட்டி அவர்களைச் சூதாட்டத்துக்கு இழுத்துப் போகிறதா? இளைஞர்களை ஆறு மாதம் பின்தொடர்ந்த ப்ரூக்ஸ், கிளார்க் ஆய்வில், பெட்டிக்குச் செலவழித்தவர்கள் பிறகு சூதாட்டத்தில் இறங்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. நான் சொல்ல வருவது, எந்தப் பக்கம் உண்மையாக இருந்தாலும் லாபம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்பது. 2021இல் பிளிமத், வுல்வர்ஹாம்ப்டன் பல்கலைக்கழகங்கள் செய்த ஆய்வுப்படி, வாங்குபவர்களில் 5 சதவீதம் பேர் தருவதுதான் லூட் பாக்ஸ் வருமானத்தில் ஏறத்தாழ பாதி. அந்த 5 சதவீதத்தில் எல்லோரும் பணக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். செலவுக்கும் சம்பாத்தியத்துக்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை, சூதாட்டச் சிக்கலோடுதான் தொடர்பு தென்பட்டது.

---

செவ்வந்தி

நான் கேம் ஆடுகிறவள் இல்லை. வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன் ஆடுகிறான். இழையை முழுக்கப் படித்தேன், ஒரு விஷயம் விளங்கவில்லை. விகிதத்தைப் போட்டுவிட்டால் போதும் என்று வேறு இடங்களில் சிலர் எழுதுகிறார்கள். பையனிடம் "1 சதவீதம்" என்றால் என்ன என்று கேட்டேன். "நூறு பெட்டி திறந்தால் கண்டிப்பாக ஒன்று வரும்மா" என்றான். அது சரியா, தப்பா?

---

கோடிங்குமரன்

@செவ்வந்தி அக்கா, தப்பு. ஆனால் பெரியவர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனிக் குலுக்கல். முந்தைய 99 பெட்டியில் என்ன வந்தது என்பது நூறாவது பெட்டிக்குத் தெரியாது. 1 சதவீத வாய்ப்பில் நூறு பெட்டி திறக்கும் 100 பேரில் ஏறத்தாழ 37 பேருக்கு ஒன்றுமே வராது. இருநூறு திறந்தாலும் 13 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். விகிதத்தை எண்ணாகப் போடுவதைவிட இந்த வாக்கியத்தை அப்படியே வாங்கும் பொத்தானுக்கு மேலே போடச் சொல்லலாம்.

நான் சின்ன கேம் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன், அதனால் உள்ளிருந்து ஒரு கருத்து. சூதாட்ட உரிமம் என்று வந்துவிட்டால் பெரிய நிறுவனங்கள் வக்கீல் வைத்துச் சமாளித்துவிடும். எட்டுப் பேர் சேர்ந்து செய்யும் கேமுக்கு அது கட்டுப்படியாகாது. நாங்கள் லூட் பாக்ஸ் வைப்பதில்லை. ஆனாலும் சட்டம் அகலமாக எழுதப்பட்டால், எதிரியை வீழ்த்தியதும் கீழே விழும் பொருள்கூட அதில் மாட்டும் என்ற பயம் இருக்கிறது. சீரற்ற பரிசு கேம் கலையின் பழைய உயிர்நாடி. அதைத் தொடாதீர்கள், காசு கொடுத்து வாங்கும் இடத்தை மட்டும் பிடியுங்கள்.

---

இரவுப்பறவை

வெறும் விகிதத்தில் பிரச்சினை முடிவதில்லை, விலையையும் மறைக்கிறார்கள். கென்ஷின் இம்பாக்ட் நல்ல கேம், விரும்பி ஆடுகிறேன். அதன் கடையை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

ஒரு இழுப்புக்கு, அதாவது ஒரு தடவை குலுக்கிப் பார்க்க, 160 ஜெம் (கேமுக்குள் செலவழிக்கும் நாணயம்). கடையில் விற்கும் கட்டுகள் 60, 300, 980, 1980, 3280, 6480. முதல் தடவைக்கான இரட்டிப்புச் சலுகையை விட்டுவிடுங்கள். 60 வாங்கினால் ஒரு இழுப்புக்கே போதாது. 980 வாங்கினால் போனஸ் 110 சேர்த்து 1090. ஆறு இழுப்பு போக 130 மீதி. ஏழாவதுக்கு 30 குறையும். அந்த 30ஐத் தனியாக வாங்க முடியாது. 1980 கட்டைத் தவிர எதை எடுத்தாலும் ஒன்று மிஞ்சும், இல்லாவிட்டால் குறையும். மிஞ்சியது வீணாகக்கூடாதே என்று அடுத்த கட்டுக்குக் கை போகும்.

ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரத்துக்கான அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். 90 இழுப்புக்குள் ஒன்று நிச்சயம் என்ற உத்தரவாதம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அது நீங்கள் விரும்பிய கதாபாத்திரமாக இருக்கவேண்டும் என்றில்லை. தவறினால் அடுத்த 90க்குள்தான் உறுதி. துரதிர்ஷ்டத்தின் உச்சம் 180 இழுப்பு, அதாவது 28,800 ஜெம். போனஸோடு 8,080 தரும் மிகப்பெரிய கட்டை நான்கு முறை வாங்கவேண்டும். ஒன்று ஏறத்தாழ 100 டாலர். "இந்தக் கதாபாத்திரத்துக்கு 400 டாலர் வரை ஆகலாம்" என்று கடை முகப்பில் எழுதியிருந்தால் எத்தனை பேர் முதல் கட்டை வாங்குவார்கள்?

அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் பிடித்தது ஏறக்குறைய இந்த இடத்தைத்தான். விலையையும் வாய்ப்பையும் பற்றி ஆட்டக்காரர்களைத் தவறாக நம்பவைத்ததாகக் குற்றம் சாட்டியது. கென்ஷினை விற்கும் நிறுவனம் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் விற்கக்கூடாது என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. இதில் சூதாட்டச் சட்டம் பக்கமே யாரும் போகவில்லை.

---

வழக்காடி

@இரவுப்பறவை சொன்னதுதான் என் வழியும். ஜப்பான் 2012லேயே இதைச் செய்துவிட்டது. பல பொருட்களைக் குலுக்கலில் சேர்த்து முழு செட் ஆனால்தான் பெரிய பரிசு என்ற 'கொம்பு காச்சா' முறையை நுகர்வோர் முகமை சட்டவிரோதம் என்றது. கேம் நிறுவனங்கள் உடனே அதைக் கைவிட்டன. பயன்பட்டது விற்பனைப் பரிசுகள் பற்றிய சட்டம்.

தென்கொரியாவில் நடந்ததைச் சொன்னால் விகிதத்தை வெளியிட்டாலே போதும் என்பவர்களும் யோசிப்பார்கள். மேப்பிள்ஸ்டோரி கேமில் காசுக்கு விற்கும், கருவிகளின் கூடுதல் திறன்களைக் குலுக்கி மாற்றும் 'க்யூப்' என்ற பொருளின் வாய்ப்பு விகிதத்தை நெக்ஸான் நிறுவனம் சொல்லாமல் குறைத்தது. ஆட்டக்காரர்கள் ஆசைப்பட்ட சில திறன் சேர்க்கைகளின் வாய்ப்பைப் பூஜ்ஜியமாக்கிவிட்டது, அதையும் சொல்லவில்லை. வரவே வராத ஒன்றுக்காக ஆட்கள் வருடக்கணக்கில் காசு கட்டிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜனவரியில் அங்குள்ள நியாய வர்த்தக ஆணையம் 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. மார்ச்சில் விகிதம் வெளியிடுவது கட்டாயச் சட்டமானது. எழுதிப் போட்ட விகிதம் நிஜமா என்று சர்வரைத் திறந்து பார்க்க யாருக்காவது அதிகாரம் வேண்டும். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் சூதாட்ட ஒழுங்குமுறையிலிருந்து கடன் வாங்கலாம்.

---

நிழல்வீரன்

சரி, நுகர்வோர் சட்டம் நிறையச் செய்யும் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எட்டாத இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கவுண்டர் ஸ்ட்ரைக் ஸ்கின்னை விற்கலாம். வெளிச் சந்தையில் நிஜப் பணம் கிடைக்கும். 2016 வாக்கில் இந்த ஸ்கின்களையே சில்லுகளாக வைத்துப் பந்தயம் கட்டும் இணையதளங்கள் முளைத்தன. வயது கேட்க ஆளில்லை. அந்த ஆண்டு ஜூலையில் கவுண்டர் ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனம் அவற்றுக்கு நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. அப்படி ஒரு தளத்தை இரண்டு யூட்யூபர்கள் தாங்களே நடத்திக்கொண்டு, அது தங்களுடையது என்று சொல்லாமல் அதில் ஜெயிப்பதாக வீடியோ போட்டார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2017இல் அவர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. பணயம் பணம், முடிவு அதிர்ஷ்டம், பரிசை விற்றால் பணம். @வழக்காடி, உங்கள் மூன்றும் இங்கே பொருந்துகிறதே. இதையும் விலைச்சீட்டு ஒட்டிச் சரிசெய்யலாம் என்றா சொல்கிறீர்கள்?

ஃபிரான்சில் செய்த மாற்றத்தையும் பாருங்கள். 2019இல் அங்கே கவுண்டர் ஸ்ட்ரைக்கில் எக்ஸ்ரே ஸ்கேனர் என்ற வசதி வந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு காசு கட்டலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பார்த்த பொருளை வாங்கினால்தான் அடுத்த பெட்டியைப் பார்க்க முடியும். இப்போது ஆட்கள் கண்ணெதிரே தெரியும் மட்டமான பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அடுத்ததைப் பார்ப்பதற்காக. குலுக்கல் ஒரு படி தள்ளிப்போனதோடு சரி.

---

தனிவழி

@நிழல்வீரன், விற்கக்கூடிய ஸ்கின் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. பணமாக மாறுகிறது என்றால் அது பந்தயம்தான், உரிமம் வாங்கட்டும். மற்றதைத் தொடாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

இன்னொன்று. பெட்டியை எடுத்துவிட்டால் எல்லாம் மலிவாகிவிடும் என்ற கனவு வேண்டாம். ஓவர்வாட்ச் 2 வந்தபோது லூட் பாக்ஸை நீக்கினார்கள். நேரடி விலையில் ஸ்கின் வைத்தார்கள். முன்பு விளையாடியே கிடைத்தது இப்போது காசுக்குத்தான் என்று ஆட்டக்காரர்களே புலம்பினார்கள். 2025 பிப்ரவரியில் பெட்டி திரும்ப வந்தது, பெரும்பாலும் விளையாடிப் பெறும்படி. வரவேற்பு நன்றாகவே இருந்தது.

---

கோடிங்குமரன்

காசு வாங்காத பெட்டியை இங்கே யாரும் எதிர்க்கவில்லையே. அந்த உதாரணம் எங்கள் பக்கம்தான் சாய்கிறது. ராக்கெட் லீக் 2019 டிசம்பரில் காசுக்கு விற்ற பெட்டிகளை எடுத்துவிட்டு, என்ன வரும் என்று முன்பே காட்டும் முறைக்கு மாறியது. விலை அதிகம் என்று கூச்சல் எழுந்தது, சில விலைகளைக் குறைத்தார்கள். விலை கண்ணுக்குத் தெரிந்ததால்தான் சண்டை போட முடிந்தது. பெட்டிக்குள் ஒளிந்திருந்தபோது சண்டை போட எண்ணே இல்லை.

---

மதிவாணி

எனக்குப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் விஷயத்தில்தான் அவசரம். ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் 22 முதல், காசுக்குக் குலுக்கல் உள்ள புதிய கேமுக்குக் குறைந்தது 'எம்' தரம், அதாவது 15 வயதுக்குக் கீழே பரிந்துரைப்பதில்லை. சூதாட்ட இயந்திரத்தையே போலி செய்யும் கேமுக்கு 18. ஜெர்மனியில் ஃபிஃபா 23க்கு வயது வரம்பே இல்லை. விதியை மாற்றியதும் அடுத்த ஆண்டு அதே கேம் புதிய பெயரில் வந்த ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24க்கு 12 வயது. கால்பந்து மாறவில்லை, பாக்கெட் விற்பனை கணக்கில் வந்தது. பிரேசில் 2025இல் குழந்தைகளுக்கான டிஜிட்டல் சட்டத்தில், சிறுவர் ஆடும் கேம்களில் லூட் பாக்ஸையே தடை செய்தது.

தரம் ஒட்டுவது மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. 'எம்' என்பது அறிவுரை, பூட்டு இல்லை. பிரேசில் வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது: பெரியவர் கணக்கில் குலுக்கல் இருக்கட்டும், சிறுவர் கணக்கில் அந்தக் கடையே திறக்கக்கூடாது.

---

தனிவழி

சிறுவர் கணக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒவ்வொருவரும் அடையாள அட்டையைக் கேம் நிறுவனத்திடம் கொடுக்கவேண்டும் என்றால் நான் கடைசிவரை எதிர்ப்பேன். அந்தத் தகவல் கசிந்தால் என்ன செய்வீர்கள்?

---

கோடிங்குமரன்

அட்டை எதற்கு? எல்லாக் கணக்கிலும் குலுக்கல் கடை மூடியே இருக்கட்டும். ஆட விரும்பும் பெரியவர் பணம் கட்டும் இடத்தில் ஒரு தடவை வயதை உறுதிசெய்து திறந்துகொள்ளட்டும். கேம் நிறுவனத்துக்கு "திறந்தது, மூடியது" என்ற ஒரு தகவல் போதும். இதற்கு நிரல் எழுதுவது கஷ்டமான வேலை இல்லை. யாரும் கட்டாயப்படுத்தாததால்தான் நடக்கவில்லை.

---

நிழல்வீரன்

@கோடிங்குமரன், இதற்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். விற்றுக் காசாக்கக்கூடியதற்குச் சூதாட்ட உரிமம், இதில் பின்வாங்க மாட்டேன். மற்றதற்கு மூடிய கடை, நிஜப் பணத்தில் விலை, சர்வர் தணிக்கை.

---

வழக்காடி

அதற்கு மேலே ஒன்று சேருங்கள். உத்தரவாதம் உள்ள கேம்களில் உச்சபட்சச் செலவை நிஜப் பணத்தில் எழுதவேண்டும். உத்தரவாதமே இல்லாத பெட்டியை விற்கக்கூடாது.

---

செவ்வந்தி

சட்டம் வரும்போது வரட்டும். இன்றைக்கு நான் என்ன செய்வது?

---

இரவுப்பறவை

@செவ்வந்தி அக்கா, ஃபோன் அமைப்பில் ஆப்பிற்குள் வாங்குவதற்குக் கடவுச்சொல் போடுங்கள், கார்டை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். புதிய கேம் வாங்கும்முன் வயதுத் தரக் குறிப்பைப் பாருங்கள். அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி, ஐரோப்பாவின் பெகி என்ற தர அமைப்புகள் 2020 முதல் காசுக்குச் சீரற்ற பொருட்கள் விற்கும் கேம்களில் அதைத் தனியாகக் குறிப்பிடுகின்றன. அப்புறம் பையனோடு உட்கார்ந்து நாணயம் ஒன்றைச் சுண்டிப் பாருங்கள். நான்கு தடவை தொடர்ந்து பூ விழுந்தால், அடுத்தது தலைதான் என்று அடித்துச் சொல்வான். அப்போது கோடிங்குமரன் எழுதிய 37 பேர் கணக்கைக் காட்டுங்கள்.